மர்ஜானை நடத்திக்கொண்டு சேதுக்கரைக்கு

சனிக்கிழமை, காலை ஆறு மணி. கீழக்கரை.

சுபுஹு தொழுதுவிட்டு வந்து கொட்டகைக் கதவைத் திறந்தபோது மர்ஜான் விழித்துத்தான் இருந்தாள். தை மாதத்துக் குளிர் இன்னும் விலகவில்லை. முதுகைத் தேய்த்துவிட்டு, சேணத்தைப் போட்டு, வாரை இறுக்கி, கடிவாளத்தையும் மாட்டினேன். சேணம் பூட்டியிருந்தாலும் ஏறுகிற எண்ணம் எனக்கு இல்லை. நடத்திக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு.

கீழக்கரையிலிருந்து திருப்புல்லாணிக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். அங்கிருந்து கடலைப் பார்த்துத் திரும்பினால் சேதுக்கரை இன்னும் நாலு கிலோமீட்டர். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது ஒரு பயணமே இல்லை. நாங்கள் இதற்கு ஒரு முழுநாளை ஒதுக்கியிருந்தோம். நாங்கள் என்றால் நான், என் மனைவி ஜைனம்பு, மர்ஜான்.

மர்ஜான் என்றால் அரபியில் பவளம். நிறத்தைப் பார்த்து நான் வைத்த பெயர். அறுபது வயதில் நான் வாங்கிய முதல் குதிரை. வளைகுடாவில் ஒரே வீட்டில் இருபத்தைந்து வருடம் டிரைவராக இருந்தேன். அந்த வீட்டில் குதிரைகள் இருந்தன. அவற்றை வண்டியில் ஏற்றி மைதானத்துக்கும் மருத்துவரிடமும் கொண்டுபோய்க் கொண்டுவருவது என் வேலை. பின்னாலிருந்து அவை மூச்சுவிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். ஒருநாளும் ஒன்றின் மேலும் உட்கார்ந்ததில்லை. ஊருக்குத் திரும்பி, பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணம் முடிந்தபிறகு, மதுரைக்கு மேற்கே ஒரு பண்ணையில் இவளைப் பார்த்தேன். அங்கேயே தங்கி உட்காரவும் இறங்கவும் திருப்பவும் பழகிக்கொண்டு, இவளோடு வீடு வந்து சேர்ந்தேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் ஒரு காலையில் ஊருக்கு வெளியே போகும்போது பின்னால் வந்த லாரி ஆரன் அடித்தது. மர்ஜான் ஒரே தாவு தாவினாள். நான் தார் ரோட்டில் விழுந்து கிடந்தேன். இடது தோள் எலும்பு முறிந்தது. கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எலும்பு கூடிவிட்டது. "இனி ஏறலாம், பார்த்து ஏறுங்க" என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

ஏற முடியவில்லை. தினமும் சேணம் பூட்டுவேன். அங்கவடியில் இடது காலை வைப்பேன். உள்ளங்கை வேர்த்துவிடும். காலை எடுத்துவிட்டு, சேணத்தைக் கழற்றிவிட்டு, புல் போடப் போய்விடுவேன். ஜைனம்பு கேட்டால் டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னதாகச் சொல்வேன். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

இந்தப் பயணம் அவள் யோசனைதான். கால்நடை மருத்துவர் வந்து, குதிரை நின்ற இடத்திலேயே தின்று ஊதிப்போகிறது, மணலில் நடத்துங்கள் என்றார். அன்று சாயங்காலமே ஜைனம்பு சொன்னாள், "சேதுக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போவோம் மச்சான். திருப்புல்லாணியில என் சிநேகிதி கஸ்தூரி வீட்ல தங்கிக்கலாம். நான் ஸ்கூட்டியில பின்னாலயே வாரேன்."

காலை ஏழரை. இராமநாதபுரம் சாலை.

நான் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தேன். மர்ஜான் என் தோளுக்குப் பக்கத்தில் வந்தாள். எங்களுக்கும் பின்னால் ஜைனம்பு, புர்காவுக்கு மேல் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் உரசியபடி ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். குதிரையிடமிருந்து எப்போதும் பத்தடி தள்ளியே இருப்பாள். வீட்டிலும் அப்படித்தான். தவிட்டு வாளியைக்கூட வேலிக்கு வெளியே வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள்.

சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடந்தது. அது விட்ட இடங்களில் பனைகள். ஒரு கண்மாயில் மழைத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் நின்றது. கொக்குகள் எங்களைப் பார்த்துப் பறக்காமல் அப்படியே இருந்தன.

பாதி வழியில் ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்காரர் எங்களைவிட மர்ஜானைத்தான் முதலில் கவனித்தார். டப்பாவிலிருந்து ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து, கொடுக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டார். தலையசைத்தேன்.

"எங்கன இருந்து வாரீக பாய்?"

"கீழக்கரை."

"சேணமெல்லாம் போட்டு வச்சுக்கிட்டு நடந்தே வாரீக? ஏறிப் போகக் கூடாதா?"

டாக்டர் என்று தொடங்கினேன். அதற்குள் ஜைனம்பு டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள், "அவுகளுக்குப் பயமா இருக்கு. ஒருக்கா விழுந்துட்டாக."

கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு சர்க்கரை இருக்கிறது என்று கல்யாண வீட்டில் சொல்வாளே, அதே குரலில் சொன்னாள். எனக்குக் காது சுட்டது. கடைக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப நடந்து போறதுதான் சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போய்விட்டார்.

கடையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்தபிறகு கேட்டேன், "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அடுப்படி ஜன்னல்ல நின்னா கொட்டகை தெரியும் மச்சான்" என்றாள். "தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கயிற்றைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பை ஒன்றை இறக்கி வைத்ததுபோல் என் நடை லேசாகியிருந்தது.

காலை ஒன்பதரை. திருப்புல்லாணிக்கு முன்னால்.

கோபுரம் தெரியத் தொடங்கிய இடத்தில் அது நடந்தது. பின்னாலிருந்து வந்த பஸ் ஒன்று, ஜைனம்புவை ஒதுங்கச் சொல்லி நீளமாக ஆரன் அடித்தது. மர்ஜான் தலையைத் தூக்கிப் பின்வாங்கினாள். கயிறு என் உள்ளங்கையில் சுட்டுக்கொண்டு ஓடியது. விடவில்லை. சாலையோரத்து மணலில் அவளோடு சேர்ந்து நானும் ஒரு சுற்றுச் சுற்றினேன். பஸ் போய்விட்டது.

அவள் நின்றுவிட்டாள். உடம்பெல்லாம் நடுங்கியது. அவள் நெஞ்சில் கை வைத்தேன். அந்த அடிப்பு என் கைக்குள் வந்து மோதியது. விழுந்த நாளிலிருந்து நான் என் பயத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள் என்றுதான் மனசுக்குள் ஒரு மூலையில் இருந்தது. அன்றைக்கும் இவளுக்கு இப்படித்தான் அடித்திருக்கும். தாவிய இவளுக்கு மேலே யார் இருந்தார், யார் விழுந்தார் என்பதெல்லாம் எங்கே தெரிந்திருக்கப்போகிறது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லத்தா" என்று சொல்லிக்கொண்டே தடவினேன். தலையை என் நெஞ்சில் அழுத்திக்கொண்டாள்.

நான் தடவிய கழுத்தில் இன்னொரு கையும் இருந்தது. ஜைனம்பு. ஸ்கூட்டியை எப்படி நிறுத்தினாள், எப்போது ஓடிவந்தாள் என்று தெரியவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அவள் மர்ஜானைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"சூடா இருக்காளே" என்றாள், ஆச்சரியமாக.

பகல். கஸ்தூரி வீடு.

கஸ்தூரியும் ஜைனம்புவும் கல்யாணத்துக்கு முன்னால் இராமநாதபுரத்தில் ஒன்றாக டைப்ரைட்டிங் படித்தவர்கள். கோயிலைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் கஸ்தூரியின் வீடு. எங்களுக்காக மொச்சைக்குழம்பும் பூசணிக்காய்ப் பொரியலும் செய்து வைத்திருந்தாள். மர்ஜானுக்கு மரத்தடியில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர். பின்கட்டில் துண்டை விரித்து லுஹர் தொழுதேன். தொழுது முடித்துத் திரும்பியபோது தோழிகள் இருவரும் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்களும் மறைக்கவில்லை.

"அண்ணே, அந்தத் துவைக்கிற கல்லு மேல ஏறி நின்னா உசரம் சரியா இருக்கும்" என்றாள் கஸ்தூரி. "ஏற வேணாம். சும்மா நின்னுதான் பாருங்களேன்."

நின்றேன். சேணத்தின் மேல் இரண்டு கையையும் ஊன்றினேன். வயிற்றை அதன் மேல் வைத்து, ஈரத் துணி கொடியில் கிடக்கிற மாதிரி, கொஞ்ச நேரம் குறுக்கே கிடந்தேன். மர்ஜான் அசையவில்லை. தென்னங்கீற்று ஒன்றை மென்றுகொண்டிருந்தாள். இறங்கினேன். மறுபடி கிடந்தேன். இறங்கினேன். இவ்வளவுதான். கஸ்தூரி ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்தாள்.

மாலை ஐந்து. சேதுக்கரை.

ஸ்கூட்டியைக் கஸ்தூரி வீட்டிலேயே விட்டுவிட்டு நான், ஜைனம்பு, மர்ஜான் மூன்று பேரும் நடந்து வந்தோம். வழியில் வண்டிகள் குறைவு. கடலுக்குப் பக்கத்தில் வந்ததும் காற்றில் உப்பு தெரிந்தது. காலையிலேயே திதி கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் இங்கே அதிகம் என்பதால் அந்த நேரத்தில் கூட்டம் இல்லை. வேனில் வந்த ஒரு குடும்பம் மட்டும் ஈரத் துணியோடு திரும்பிக்கொண்டிருந்தது. அனுமார் கோயிலில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். கடல் கண்மாய்போலக் கிடந்தது. கரையோடு மேற்கே கொஞ்ச தூரம் நடந்து, ஆளில்லாத மணலுக்கு வந்தோம். ஒரு பழைய மீன்பிடி வல்லம் கவிழ்ந்து கிடந்தது. அதன் நிழலில் ஒருவர் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"வல்லத்து மேல ஏறிக்கிறட்டுமா?" என்று கேட்டேன்.

"அது இனிமே கடலுக்குப் போகாது. ஏறிக்கிருங்க" என்றார்.

ஏறி நின்றேன். சேணத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஜைனம்பு என் கையிலிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டாள்.

"நான் பிடிச்சுக்கிறேன். ஏறுங்க."

"உனக்குப் பயமில்லையா?"

"இருக்கு. அதுக்கென்ன, பிடிக்க முடியுது."

காலைத் தூக்கிப் போட்டேன். உட்கார்ந்துவிட்டேன். பிடரி மயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். தொடை நடுங்கியது. மணல் மிகவும் கீழே இருந்தது. ஜைனம்பு ஒரு எட்டு வைத்தாள். மர்ஜானும் வைத்தாள்.

"மூச்சு விடுங்க மச்சான்."

அப்போதுதான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. விட்டேன். அவள் முன்னால் பார்த்து நடந்துகொண்டே, சாதாரணமாகப் பேசத் தொடங்கினாள்.

"ஸ்கூட்டி பழகினப்ப நானும் விழுந்திருக்கேன். உங்களுக்குத் தெரியாது."

"எப்ப?"

"நீங்க அங்கன இருந்தப்ப. சின்னவனுக்கு ஏழு வயசு இருக்கும். ராமநாதபுரத்துல, மார்க்கெட்டுக்குப் பக்கத்துல. ஆட்டோ குறுக்க வந்துருச்சு. முட்டியெல்லாம் கிழிஞ்சு போச்சு. அன்னைக்கி ராத்திரி போன்ல சாப்பிட்டீங்களான்னு கேட்டேன், வச்சுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அங்கன இருந்து என்ன செய்வீங்க. தூங்க மாட்டீங்க, அம்புட்டுத்தான்."

கடல் ஒரு பக்கம் வந்து வந்து போனது. மேலே உட்கார்ந்திருந்த எனக்கு அவள் முகம் தெரியவில்லை. கறுப்புத் துணி மூடிய தலை மட்டும்தான் தெரிந்தது.

"திரும்ப எப்படி ஏறுன?"

"பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விடுற நேரம். கூப்பிடப் போகணும்ல. ஏறுனேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் கை நடுங்கிக்கிட்டேதான் இருந்துச்சு. நடுங்குனா என்ன, வண்டி போச்சு."

என் கைகள் பிடரியிலிருந்து எப்போது விலகிக் கடிவாள வாரைப் பிடித்தன என்று சொல்லத் தெரியவில்லை. நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் மர்ஜானின் நடை இடுப்பில் ஏறி வந்து, முன்பு தெரிந்திருந்த அந்த அசைவு திரும்பத் தெரிந்தது.

"கயித்த விடு" என்றேன்.

அவள் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தன் கையில் வைத்துக்கொண்டாள். நான் ஈர மணலோரமாகப் போய், சுண்ணாம்புப் பாறை துருத்திக்கொண்டிருந்த இடத்தில் திரும்பி, அவளிடம் வந்து சேர்ந்தேன். ஓட்டமெல்லாம் இல்லை. வெறும் நடைதான். வல்லத்துக்காரர் வலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி பாசியைப் பிய்க்கத் தொடங்கினார். ஜைனம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காற்றில் மணல் விழுந்துவிட்டது என்றாள். எனக்கும்தான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு. சேதுக்கரை.

இரவு கஸ்தூரி வீட்டில் தங்கிவிட்டு, ஊர் திரும்புவதற்கு முன் இன்னொரு முறை கடலுக்கு வந்தோம். தோப்பிலிருந்து கடல்வரை ஏறித்தான் வந்தேன். ஜைனம்பு ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். நடுவில் ஒரு டிராக்டர் எதிரே வந்தபோது மட்டும் இறங்கி நின்றேன். வீட்டுக்குப் போகிற மெயின் ரோட்டில் இன்று ஏறமாட்டேன். அது எனக்கே தெரியும். அங்கே நடந்துதான் போவேன். அதற்காக இப்போது வருத்தமில்லை. வளைகுடாவில் ஆறு வண்டி அகலச் சாலைகளில் எத்தனையோ குதிரைகளைக் கொண்டுபோயிருக்கிறேன். இறக்கிவிட்டதும் என் வேலை முடிந்துவிடும். யாரோ ஏறிப் போவார்கள், நான் வண்டியைத் துடைப்பேன். இந்தப் பதின்மூன்று கிலோமீட்டர்தான் நான் ஒரு குதிரையோடு சேர்ந்து நடந்த முதல் தூரம்.

கிளம்பலாம் என்று கயிற்றை மாட்டினேன். ஜைனம்பு வல்லத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். காலை நேரம், யாரும் இல்லை.

"மச்சான், நான் ஒருக்கா உக்காந்து பாக்கட்டுமா?"

புர்காவுக்குள் சுடிதார்தான் போட்டிருந்தாள். ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். வல்லத்தின் மேல் ஏற்றிவிட்டு, காலை எங்கே வைப்பது என்று காட்டினேன். உட்கார்ந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பிறகு ஒன்றைத் திறந்தாள். பிறகு இரண்டையும்.

நடத்தத் தொடங்கினேன். கயிறு என் கையில் இருந்தது, கண் பின்னாலேயே இருந்தது. மர்ஜான் ஒரு காதைத் திருப்பினாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அலை கொஞ்சம் பெரிதாக வந்தாலும் நின்றேன். நான் ஏறிப் போன காலைகளில் அடுப்படி ஜன்னலில் நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த மணலில்தான் தெரிந்துகொண்டேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அவள் விழுந்தபோது தூக்கிவிட நான் இல்லை. இனி எங்கே விழுந்தாலும் ஒருவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் மற்றவர் இருப்போம். அது போதும் என்று தோன்றியது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தார் ரோடு சூடாவதற்குள் கிளம்ப வேண்டும். பாறைவரை போய்த் திரும்பி, வல்லத்துக்குப் பக்கத்தில் மர்ஜானை நிறுத்தினேன்.

"இறங்குறியா?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அதுக்குள்ளயா?" என்றாள்.

கயிற்றைக் கையில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் நடக்கத் தொடங்கினேன்.