சக்கரத்துக்குள் நடமாடிய கனம்

அரியலூர்–பெரம்பலூர் பஸ்ஸை ரொம்ப காலம் ஓட்டிய மரிய செல்வத்தை அந்தப் பக்கத்துக்காரர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். கை காட்டினால் நிறுத்துவார், சில்லறைச் சண்டையில் தலையிட மாட்டார், அவ்வளவுதான் அவரைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். எனக்கு அவர் வேறு ஆள். நான் யாரையும் சுலபத்தில் மெச்சுகிறவன் அல்ல. திருச்சியில் காலேஜ் படித்தபோது புரொபசர்களிடமே குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தவன். அப்படிப்பட்டவன் ஒரு மனிதர் முன்னால் வாயடைத்து நின்றேன் என்றால் அது செல்வத்தின் முன்னால்தான்.

அவருக்குச் சொந்த ஊர் வரதராசன்பேட்டை. அப்பா மாதா கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். ஊரிலேயே இருந்திருந்தால் செல்வம் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிக் காலம் தள்ளியிருப்பார். யுத்தம் வந்தது, பட்டாளத்தில் சேர்ந்து அசாம் மலைகளில் லாரி ஓட்டினார். யுத்தம் முடிந்து திரும்பியதும் என் தாய்மாமன், வாலிகண்டபுரம் நல்லுசாமி உடையார், தன் காருக்கு அவரை டிரைவராக வைத்துக்கொண்டார்.

மாமாவுக்குத் திருச்சிக் கோர்ட்டில் ஏதாவது ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோறு இறங்காது. வாய்தா நாளில் விடிவதற்குள் கார் கிளம்பிவிடும். அந்த வருஷம், 1946, கோடை முழுக்க ஒரு பஞ்சர்கூட ஆகவில்லை. எங்கள் பக்கத்துக் கருவேலமுள்ளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். புது டியூபுக்கோ பர்மிட் வாங்க அலைய வேண்டிய காலம். "நம்ம ராசி அப்படி" என்று மாமா மீசையைத் தடவிக்கொள்வார்.

மார்கழி பிறந்ததும் ராசி திரும்பிக்கொண்டது. காலையில் பெரம்பலூரைத் தாண்டி ரோடு நேராகும் இடத்தில், ஸ்பீடாமீட்டர் முள் நாற்பது மைலைத் தொட்டதும் கார் உதற ஆரம்பித்தது. ஸ்டியரிங் குலுங்கும், கண்ணாடி கடகடக்கும், பின்சீட்டில் மாமாவின் வெற்றிலைச் செல்லம் துள்ளும். வேகத்தைக் குறைத்தால் அடங்கும், ஏற்றினால் மறுபடி வரும். பாடாலூரைத் தாண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, சமயபுரம் வருவதற்குள் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். மேஸ்திரி சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார், நட்டு போல்ட்டையெல்லாம் முறுக்கினார். ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் தன் ஆளையே உட்கார வைத்து வாலிகண்டபுரம் வரை ஓட்டச் சொன்னார். ஐம்பதில் போனான் அந்த ஆள். கார் இம்மிகூட ஆடவில்லை. மறுநாள் காலையில் செல்வம் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நாற்பதில் உதறியது.

"வண்டில ஒண்ணுமில்லய்யா. ஓன் கைதான் ஆடுது" என்றார் மாமா. "அசாம்ல குண்டுச் சத்தம் கேட்டுக் கேட்டு நரம்பு தளந்து போயிருக்கு. ஒண்ணும் தப்பில்ல. பொங்கல் வரைக்கும் இரு. அப்புறம் வேற ஆள் பாத்துக்குறேன்."

 அந்த வார்த்தை செல்வத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. விடுமுறைக்கு வந்திருந்த நான் ஒரு நாள் மத்தியானம் கார் கொட்டகைப் பக்கம் போனேன். டம்ளர் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் அசைகிறதா என்று பார்த்தபடி நின்றிருந்தார்.  வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். தன் கையையே நம்ப முடியாத டிரைவர் எங்கே போவார்?

கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தார். அத்தனை நாளும் கார் கொட்டகையிலேயே கிடந்தது. அவர் திரும்பி வந்த மறுநாள் காலை உதறல் என்றைக்கும் இல்லாத அளவுக்கு இருந்தது. கோர்ட் வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நான் வண்டியத் தொடவே இல்ல. அது சும்மா நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. நின்னதுக்கப்புறம் ஏன் அதிகமாவணும்? ஓடுனா சரியாவுது, நின்னா கெட்டுப் போவுது. கை அப்படிச் செய்யுமா?"

அந்த வாரம் விசாரணை தொடர்ந்து நடந்ததால் தினமும் பயணம் இருந்தது. மறுநாள் கிளம்புவதற்கு முன் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிவிட்டார். சக்கரம் சுற்றி, முன்னும் பின்னும் அசைந்து நின்றது. தரையைப் பார்த்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். எத்தனை தடவை சுற்றினாலும் அந்தக் கோடே கீழே வந்தது. ஒரு பக்கம் கனம், அதனால் வேகத்தில் உதறுகிறது. அதுவரை எனக்கும் புரிந்தது. அடுத்த நாள் காலையில் மறுபடி சுற்றினார். கோடு மேலே போய் நின்றது.

 இரும்பும் ரப்பரும் சேர்ந்த ஒரு சக்கரத்தில் கனம் எப்படி இடம் மாறும்? உள்ளே ஏதோ உயிரோடு குடியிருக்கிறதா? செல்வம் மட்டும் பதறவில்லை. வேட்டைக்காரர் புதரைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் திரும்பி வந்ததும், அந்த முன்சக்கரத்தில் காற்று அடிக்கும் வால்வ் தரைப் பக்கமாக வரும்படி காரை நகர்த்தி நிறுத்தினார். நேராக மாமாவிடம் போனார்.

"ஐயா, நாளைக்கு வெடியக்காலம் கொட்டாய்க்கு வாங்க. சக்கரத்தச் சுத்தி வுடுறேன். வால்வ் கீழ வந்துதான் நிக்கும். நிக்கலேன்னா அப்பவே பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுறேன். பொங்கல் வரைக்கும் இருக்கல."

விடியலில் மாமா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். முகத்தில் நம்பிக்கை துளியும் இல்லை. செல்வம் சக்கரத்தைச் சுற்றினார். சுற்றி முடித்து, அசைந்து, வால்வ் கீழே வந்து நின்றது. மாமா தானே குனிந்து ஒரு தடவை சுற்றினார். அதே இடம்.

"ராத்திரி தரையப் பாத்து இருந்த எடத்துல கனம் கட்டுதுங்க. ஓடுனா சூட்டுல எளகிப் பரவிடுது. அதான் டவுன்ல பாக்குறப்ப ஒண்ணும் தெரியல, சாயங்காலமும் ஆடல. வெயில் காலத்துல கட்டவே இல்ல, பனிக்குத்தான் கட்டுது. டியூபுக்குள்ள என்னமோ இருக்குதுங்க. பிரிச்சுப் பாக்கணும்."

மாமா நிமிரவே இல்லை. சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி குனிந்தே இருந்தார்.

"பிரிக்க வேணாம்யா. உள்ள இருக்கறது எனக்குத் தெரியும்."

அது கோடையில், செல்வம் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்த சமயம் நடந்தது. எங்கள் பக்கத்தில் முள்ளுக்குப் பயந்தவர்கள் சைக்கிள் டியூபில் கருவேலம்பிசினைக் கரைத்து ஊற்றுவார்கள். முள் குத்தினால் ஓட்டையைப் பிசினே அடைத்துவிடும். மாமா சைக்கிள் கடை அய்யம்பெருமாளை வரவழைத்துக் கார் டியூப் நான்கிலும் அதை ஊற்றச் சொல்லியிருக்கிறார். சைக்கிள் என்றைக்கு நாற்பது மைலில் ஓடியது, அதில் உதறல் தெரிவதற்கு? பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர் சிரிப்பாரே என்று செல்வத்திடம் சொல்லவில்லை. நாளடைவில் மாமாவுக்கே அது மறந்துபோய், பஞ்சர் ஆகாதது தன் ராசி என்று நம்பவும் ஆரம்பித்துவிட்டார்.

செல்வத்துக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"இருந்தாலும் நான் பாக்கணுங்க" என்றார்.

டயரைக் கழற்றி டியூபை அறுத்தார். வால்வ் பக்கத்தில் பழுப்பு நிறத்தில், நுங்கு போல, ஒரு கை நிறைய உறைந்து கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணால் காணாததை, கையால் தொடாததை, ஒரு சாக்கட்டிக் கோட்டை வைத்துக்கொண்டு மூடிய ரப்பருக்குள் துரத்திப் பிடித்திருக்கிறார் மனிதர். நான் வாயடைத்து நின்றது அந்த நேரத்தில்தான்.

அன்று வழக்குக்கு நாங்கள் போகவில்லை. நல்ல டியூப்களுக்கு மாமா எங்கெங்கோ அலைந்தார். அவை வந்து மாட்டிய மறுநாள் காலை, நல்ல பனியில், மூவரும் கிளம்பினோம். பெரம்பலூர் பின்னால் போனது. ரோடு நேரானது. முள் நாற்பதைத் தொட்டு நாற்பத்தைந்துக்கு ஏறியது. கார் குளத்துத் தண்ணீர் போல அசைவில்லாமல் ஓடியது.

முன்சீட்டில் இருந்த நான் தற்செயலாக ஸ்டியரிங்கைப் பார்த்தேன். செல்வத்தின் இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. கண்ணீர் தாரையாக இறங்கியது. துடைக்கக் கையை எடுக்காமல் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

மாமாவும் பார்த்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பின்சீட்டிலிருந்து எக்கி, டிரைவரின் முகத்தைத் துடைத்துவிட்டார்.