ஒரு முறை ரத்தம் எடுக்க நாற்பது கிராம்

ஊசி, இரண்டு குழாய், பஞ்சு, கையுறை, அவை வந்த உறைகள் எல்லாவற்றையும் பையில் கட்டித் தராசில் வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிகிறார் சவரியப்பன். "நாப்பது கிராமு. ஒரு ஆளுக்கு ஒருக்கா ரத்தம் எடுக்க இம்புட்டுக் குப்பைங்க."

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். தராசு, துபாயில் வேலை பார்க்கும் மருமகன் கேக் செய்யச் சொல்லி மகளுக்கு அனுப்பியது. மகள் கேக் செய்தபாடில்லை, இவர் தூக்கிவந்துவிட்டார். "இன்னைக்கு என்ன கேக்குண்ணே?" என்று நர்சுகள் நாங்கள் கேட்காத நாளில்லை. "வெந்ததும் சொல்றேன் தாயி" என்பார்.

போன மழைக்கு மருத்துவக் குப்பை லாரி நான்கு நாள் வரவில்லை. பின்கட்டில் பைகள் சுவர் உயரம் ஏறின. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. முந்தைய நாள் முடிவு நன்றாக இருந்தாலும், வார்டில் எல்லோருக்கும் தினமும் காலையில் ரத்தம் எடுப்பது எங்கள் வழக்கம். "பழக்கத்துக்குக் குத்துறோம் டாக்டரம்மா. இம்புட்டையும் ஏத்திக்கிட்டுப் போயி எரிச்சு எந்த ஊருக் காத்துல விடுறோம்?" என்று தலைமை மருத்துவர் அறிவுமதியிடம் போய் நின்றார். அவர் ஒரு மாதம் கொடுத்தார். தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் எடுப்பது. குப்பை முப்பது கிலோ குறைந்தால் அதையே உத்தரவாகப் போடுவது, இல்லையென்றால் பழையபடி.

மாதம் முடிந்தது. முப்பத்தொரு கிலோ குறைவு. உத்தரவுத் தாள் அச்சாகி, மருத்துவர் பேனாவையும் திறந்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் சவரியப்பன். "மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன்ல, அன்னைக்கு ரெண்டு பை நிறுக்காமயே லாரியில போயிருச்சு. லாரிக்காரரு சீட்ட இப்பத்தான் பாத்தேன். ரெண்டு கிலோ. இருபத்தொம்பதுதாங்க வருது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதப் பாடு. வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்னவாம் இந்த மனுஷனுக்கு?

மருத்துவர் அவரையே பார்த்தார். "இருபத்தொம்பதுன்னே வேற தாள் எடுத்துட்டு வாங்கண்ணே. கையெழுத்துப் போடுறேன்."

இந்த மனுஷனோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கிறேன் என்பதில் அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோனது. புதுத் தாளில் கையெழுத்து விழுந்ததும் பழையதைக் கசக்கப் போனேன். சவரியப்பன் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அஞ்சு கிராமு. இதையும் சேத்துக்க தாயி."