பீரோவின் பின்சீட்டு

பியானோரோ ஊரில் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிற நேரியோவுக்கு அறுபத்தோரு வயது. முட்டி தேய்ந்துவிட்டது, தொப்பை சரிந்துவிட்டது, தலையில் மிச்சமிருக்கும் முடியை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பொலோன்யா நகரத்தையே விலைக்கு வாங்கியவன் மாதிரி இருப்பான். காரணம் ஒன்றே ஒன்றுதான். ரத்திகோசா கணவாய்க்கு ஏறுகிற மலைப்பாதையில், சீறிக்கொண்டு போகும் ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்கு நடுவே தன் பீரோவை ஓட்டிப் போய், இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அவன் கடைசியாக வந்ததில்லை.

பீரோ என்பது அவனுடைய ஜெர்மன் பைக்கின் பெயர். வைத்தவன் கூடவே பைக் ஓட்டுகிற கூட்டாளி லேர்கோ. தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி அது. முன்னால் ஜன்னல் அளவுக்கு ஒரு காற்றுத் தடுப்பு, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் இன்னொரு பெட்டி, குளிருக்குச் சூடாகும் சீட்டு. பெட்டிகளைத் திறந்தால் மழைக்கோட்டு, காபிக் குடுவை, அரை மோர்தடெல்லா இறைச்சி, அதை வெட்டக் கத்தி, இரண்டு மடக்கு நாற்காலி. சீர்வரிசை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். மற்றவர்களின் வண்டிகளோ வயிற்றை டாங்கின் மேல் கிடத்தி, பின்புறத்தை வானத்துக்குக் காட்டி ஓட்ட வேண்டியவை. அறுபது வயதில் அப்படிக் குனிவதற்கு ஒரு தைரியம் வேண்டும், அல்லது வீட்டில் கண்ணாடி இல்லாமல் இருக்க வேண்டும்.

கணவாயின் உச்சியில் சாப்பாட்டுக் கடை. கடைசியாக வந்து சேருகிறவன் எல்லோருடைய ஹெல்மெட் கண்ணாடிகளையும் துடைக்க வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் சட்டம். ஜூன் மாதத்தில் எங்கள் மலையில் இருக்கிற பூச்சிகள் அத்தனையும் அந்தக் கண்ணாடிகளில்தான் உயிரை விடும். அதைச் சுரண்டி எடுப்பது மானக்கேடான வேலை. நேரியோ ஒருநாளும் அந்தத் துடைக்கிற துணியைத் தொட்டதில்லை. "வண்டியில என்னடா இருக்கு? எல்லாம் கையில இருக்கு" என்று மணிக்கட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டுவான். மாதாவே, அந்த மணிக்கட்டை எத்தனை முறைதான் பார்ப்பது!

இந்த இருபது வருஷமும் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவள் அவன் மனைவி தேயான்னா. பின்சீட்டில் வருகிறவர்களை எங்கள் பக்கம் 'மூட்டை' என்றுதான் சொல்வார்கள். பெண்களின் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், வெட்கமே கிடையாது. தேயான்னா வாரநாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். இதே மலைப்பாதையில்தான் ஓட்டுகிறாள். "வளைவ ஒழுங்கா எடுக்கலைன்னா பிள்ளைங்க வாந்தி எடுக்கும். யார் கழுவுறது? நான்தான்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் மூட்டை. நேரியோ தன் மணிக்கட்டின் பெருமையை அளக்கும்போது அவள் பாஸ்தா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழியில் லொயானோவில் காபிக்கு நிறுத்தியபோது லேர்கோவால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. சிவப்பு வண்டியின் மேல் குனிந்தபடியே கிடந்து, வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் டாங்கிடம் சொன்னான். இறைச்சிக் கடைக்கார வில்மேரும் நேரியோவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனை உரித்தெடுத்தார்கள்.

"நேரியோ, ஒரு உபகாரம்டா" என்றான் லேர்கோ. "இங்கிருந்து மேல நீ என் வண்டில வா. நான் பீரோவுல வரேன்."

"பீரோவுலயா? கிழவனுங்க வண்டின்னு சொன்னியே?"

"இன்னைக்கு நான் கிழவன். போதுமா? எழுதி வேணா தரேன்."

நேரியோவுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பீரோவிலேயே இந்தப் போடு போடுகிறவன் உண்மையான ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஏறினால் என்ன ஆகும்? இன்றைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேருவது மட்டுமல்ல, மற்றவர்கள் வருவதற்குள் அரைத் தட்டுச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டான். "வா தேயான்னா, ஏறு" என்றான்.

லேர்கோவின் வண்டியில் பின்சீட்டு என்று ஒன்று இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. தேயான்னா அதைப் பார்த்தாள்.

"அந்த பிஸ்கெட்டு மேல நான் உக்காரணுமா? நீங்க வண்டிய மாத்துங்க, என்ன வேணா பண்ணுங்க. பீரோவுல பின்சீட்டு என்னோடது. அத விட்டு நான் வரல."

"என் பின்னாடி நீ உக்காந்து வர்றத என் பொண்டாட்டி பாத்தா என்ன நெனப்பா?" என்றான் லேர்கோ.

"உன் இடுப்பு வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படுவா. ஏறுடா."

லொயானோவைத் தாண்டியதும் வருகிற நேர்ச்சாலையில் நேரியோ ஆக்சிலேட்டரை முறுக்கினான். அம்மாடி! சாலை அவனை நோக்கி ஓடி வந்தது. வில்மேரைத் தாண்டினான், எல்லோரையும் தாண்டினான், ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்தான். அப்புறம் முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது.

எப்போதும் செய்கிறபடி பிரேக்கைத் தொட்டான், கைப்பிடியை லேசாக அழுத்தினான், காத்திருந்தான். பீரோவாக இருந்தால் இந்த இடத்தில் வண்டி தானாகவே உள்ளே சாய்ந்து கொடுக்கும். அந்தச் சாய்வைத்தான் அவன் இருபது வருஷமாகத் தன் கைவரிசை என்று நம்பியிருந்தான். சிவப்பு வண்டி சாயவில்லை. நேராகச் சாலையோரச் செஸ்ட்நட் மரத்தைப் பார்த்துப் போனது. பிரேக்கை இறுக்கிப் பிடித்து, காலை ஊன்றி, மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான். வில்மேர் விரலை ஆட்டிக்கொண்டே கடந்து போனான்.

பழகாத வண்டி, அதுதான், என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அடுத்த வளைவிலும் அதே கதை. அதற்கடுத்ததில் அகலமாகப் போய் எதிரே வந்த டிராக்டர்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மொங்கிதோரோ ஊரைத் தாண்டுவதற்குள் மணிக்கட்டு விட்டுப்போனது. ஆமாம், அதே மணிக்கட்டுதான். அப்போது பின்னால் ஒரு விளக்கு தெரிந்தது. பீரோ! பெட்டிகளும் மோர்தடெல்லாவும் நாற்காலிகளுமாக அது வளைவின் உட்புறத்தில் வழுக்கிக்கொண்டு வந்து அவனைத் தாண்டியது. கால்மிதி தரையில் உரசித் தீப்பொறி பறந்தது. பின்சீட்டிலிருந்து தேயான்னா, பேருந்திலிருந்து பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரி, கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

கணவாயில் எல்லோரும் வாசலில் நின்று கைதட்டி வரவேற்றார்கள். வில்மேர் துணியை இரண்டு கையாலும் ஏந்தி, மாலை போடுவது மாதிரி அவன் கழுத்தில் போட்டான். சுவரின் மேல் ஹெல்மெட்டுகள் வரிசையாக இருந்தன.

நேரியோ பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தான். வில்மேருடையது, மற்றவர்களுடையது, எல்லாவற்றிலும் நடுக்கண்ணாடியில் பூச்சிக் கூழ். லேர்கோவின் கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது. பீரோவின் பெரிய காற்றுத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தால் அப்படித்தான் இருக்கும். அடுத்தது தேயான்னாவுடையது. முன்னால் காற்றுத் தடுப்பு, அதற்கப்புறம் லேர்கோவின் முதுகு, அதற்கும் பின்னால் வந்தவள். அவள் கண்ணாடி இன்னும் சுத்தமாக அல்லவா இருக்க வேண்டும்? நடுவில் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இடது ஓரமும் வலது ஓரமும் பூச்சி அப்பிக் கிடந்தது.

"என்ன முறைச்சுப் பாக்குற? உன் வீட்டுக்காரி கண்ணாடி எப்பவுமே அப்படித்தான்" என்றான் வில்மேர். "ரெண்டு ஓரமும் சுரண்டிச் சுரண்டி எனக்கு நகமே போச்சு."

நேரியோ டைல்ஸ்காரன். சுவரில் கறை இருந்தால் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லிவிடுவான். இந்தக் கறையும் அவனுக்குப் புரிந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் இவள் தலையை வெளியே நீட்டியிருக்கிறாள். இடது வளைவுக்கு இடது பக்கம், வலது வளைவுக்கு வலது பக்கம். பின்சீட்டு உயரம், ஓட்டுகிறவனுக்கு முன்பே வளைவின் மறுமுனை அவளுக்குத் தெரியும். தலை போன பக்கம் தோளும் இடுப்பும் போயிருக்கும், வண்டியும் கூடப் போயிருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் முன்னால் உட்கார்ந்திருந்தால் போதும். அது லேர்கோவாக இருந்தாலும் சரி, நேரியோவாக இருந்தாலும் சரி.

மேஜையில் லேர்கோ பீரோ புராணம் பாடிக்கொண்டிருந்தான். "பீரோ ஓட்டுறதுல ஒரு மண்ணும் இல்லடா! எங்க அத்தை ஓட்டினாக்கூட இப்படித்தான் போகும். தானா போகுது! இதுக்கா இவன் இத்தனை வருஷம் மணிக்கட்டத் தூக்கித் தூக்கிக் காட்டினான்?"

எல்லோரும் நேரியோவைப் பார்த்தார்கள். சொல்லிவிடலாம். வாயைத் திறந்து, வண்டி தானாகப் போகவில்லை, இவள்தான் ஓட்டினாள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைச் சொன்னால் அவனுடைய இருபது வருஷமும் அந்த மேஜையிலேயே கரைந்து போய்விடும். முட்டி தேய்ந்த, தொப்பை விழுந்த ஒரு டைல்ஸ்காரன் மட்டும்தான் மிச்சம். வண்டிக்குப் புகழைக் கொடுத்துவிட்டால், அதை வாங்கிய புத்திசாலித்தனமாவது தனக்கு நிற்கும்.

"நல்ல வண்டிதான்" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

தேயான்னாவின் முள்கரண்டி நின்றது. "என்னது?"

"நல்ல வண்டின்னேன். தானா போகும்."

"சரி" என்றாள் தேயான்னா.

அந்தச் 'சரி'யை எங்கள் பக்கத்துப் புருஷன்மார்கள் எல்லோரும் அறிவார்கள். வில்மேர் எழுந்து காபி வாங்கப் போய்விட்டான்.

லேர்கோ இரண்டு வலி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தன் வண்டிக்கே திரும்பினான். நேரியோ பீரோவில் ஏறினான். தேயான்னா பின்னால் ஏறி, கைகளைக் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவள் அசையவேயில்லை. முதல் முறையாக அவள் நிஜமான மூட்டையாக வந்தாள்.

இறக்கத்தில் பீரோ ஒரு வளைவுக்குக்கூட மசியவில்லை. நேரியோ தள்ளினான், இழுத்தான், கெஞ்சினான். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு காலையும் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். அவனைச் சைக்கிள்காரர்கள் தாண்டினார்கள். கோழிக்கூண்டுகளோடு போன ஒரு குட்டி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டியது, கோழிகள்கூட அவனைத் திரும்பிப் பார்த்தன.

"தேயான்னா!" என்று கத்தினான். "கொஞ்சம் சாயேன்!"

"எதுக்கு? தானா போகும்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

மொங்கிதோரோ சதுக்கத்தில் மற்றவர்கள் இறங்கிக் காத்திருந்தார்கள். ஆம்புலன்சைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததாக வில்மேர் பிறகு சொன்னான். நேரியோ வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினான். தலையெல்லாம் வியர்வை.

"என்னடா ஆச்சு? டயரா?"

"டயர் இல்ல" என்றான் நேரியோ. "இத்தனை வருஷம் இந்த வண்டிய நான் ஓட்டல. இவதான் ஓட்டியிருக்கா. நான் சும்மா முன்னாடி உக்காந்து வந்திருக்கேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சது."

லேர்கோ காதைச் சொறிந்தான்.

"எனக்கு மூணாவது வளைவுலயே தெரிஞ்சிடுச்சு."

"அப்ப எதுக்குடா மேஜையில தானா போகுதுன்னு அளந்த?"

"நீ மணிக்கட்டக் காட்டி அளக்கலையா? தெரிஞ்சும் சொல்லாம அனுபவிக்கிறதுதான் பீரோக்காரன் வழக்கம்னு நெனச்சேன்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். தேயான்னா சிரிக்கவில்லை. அவள் பின்சீட்டிலிருந்து இறங்கி வந்து, புருஷன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"இன்னைக்குத்தானா? நெஜமாவா?"

நேரியோ தலையாட்டினான்.

"நீ தெரிஞ்சுகிட்டேதான் பெருமையடிச்சுக்கிறன்னு நெனச்சு நான் இருபது வருஷம் வாயத் தொறக்கல. போகட்டும், முட்டி வலியோட வாரம் பூரா குனிஞ்சு கெடக்குற மனுஷன், ஞாயித்துக்கிழம ஒருநாள் நிமிந்து நடக்கட்டும்னு விட்டேன். திருடனக் கட்டிக்கிட்டோம்னு நெனச்சேன் நேரியோ. மடையனையா கட்டிக்கிட்டேன்?"

அவள் திருடன் என்றே நினைத்துக்கொண்டிருந்தால் தேவலை என்று நேரியோவுக்குத் தோன்றியது. திருடனுக்காவது எடுத்த பொருள் யாருடையது என்று தெரியும். முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்தவளை லேர்கோ, அந்த இடுப்பொடிந்த லேர்கோ, மூன்று வளைவில் கண்டுபிடித்துவிட்டான். அவமானம் தாங்காமல் அவனுக்குக் கண் கரித்தது. அதை மறைக்கவும் அவனுக்குத் தெம்பில்லை.

தேயான்னா அதையும் பார்த்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"லேர்கோவுக்கு மூணு வளைவு ஆச்சு" என்றாள். "இங்கிருந்து நம்ம வீட்டுக்கு நூறு வளைவாவது இருக்கும். ஏறு. நான் சாயறதக் கண்டுபிடிக்க உனக்கு அது போதுமான்னு பாப்போம்."