சாமை வைக்கோலில் உருண்ட வண்டி

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால், கோட்டம் எந்தப் பக்கம் என்று காதாலேயே சொல்லிவிடுவேன். செஞ்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் கடை எப்படி வந்தது என்று பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். மாமனார் கொடுத்தது என்கிறார்கள், லாட்டரி விழுந்தது என்கிறார்கள். அந்த இடத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு சைக்கிள். அந்தச் சைக்கிளைச் செய்தவன் நான்.

அப்போது அறுபதுகளின் நடுப்பகுதி. அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். வாடகை சைக்கிள் கடையொன்றில் நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். காத்தடிக்கிற வேலையில் சேர்ந்தவன், கொஞ்ச நாளிலேயே முதலாளிக்கே கோட்டம் எடுக்கச் சொல்லிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். சொந்தக் கடை வேண்டும் என்ற ஆசை மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதற்காக ஒரு வண்டியைக் கட்டினேன். ஃபிரேம் புதுச்சேரிப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, உப்புக் காற்றில் துருப்பிடித்தது. ஹேண்டில்பார் அனந்தபுரத்துத் தபால்காரர் ஒருவர் வேண்டாமென்று போட்டது. பின்சக்கரம் ஒரு பால்காரருடையது. எல்லாவற்றையும் தேய்த்து, நிமிர்த்தி, ஒன்றோடொன்று சேர்த்து, கதவுக்கு அடிக்கிற நீலப் பெயின்ட் அடித்தேன். ஊரில் அதற்குக் ‘கதம்ப வண்டி’ என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும், ஓட்டிப் பார்த்தவன் ஒருவனும் குறை சொன்னதில்லை.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி, மணிலாக்கொட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தார் ஒரு பாய். மண்டிக்குப் பக்கத்தில் அவருடைய துண்டு இடம் ஒன்று, தகரக் கதவு போட்டுப் பூட்டியபடி, காலியாகக் கிடந்தது. டீக்கடைக்குக் கேட்டவர்கள் இருந்தார்கள், வெற்றிலைக் கடைக்குக் கேட்டவர்களும் இருந்தார்கள். நானும் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“வண்டி வேல தெரியும்னு எவன் வேணா சொல்லுவான். நீ கட்டின வண்டிய எடுத்துக்கினு ஜவ்வாது மலைக்கு ஏறி எறங்கி வா. பஸ் மேல ஏத்தக் கூடாது, லாரி மேல ஏத்தக் கூடாது. வழியில எந்தக் கடைக்காரன் கையும் அதுல படக் கூடாது. உருண்டே போயி உருண்டே வந்தா எடம் உன்னுது.”

ஜவ்வாது மலையை அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இளவயதில் புளிக்கும் கடுக்காய்க்கும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அங்கே போய் வந்தவர். அந்தப் பாதை எதையெல்லாம் உடைக்கும் என்று அவருக்குத் தெரியும். சாட்சிக்குத் தன் தம்பியைக் கூட அனுப்பினார். தம்பிக்கு என் வயதுதான், புத்தம் புதுக் கம்பெனி வண்டி வைத்திருந்தார். நான் அவரைச் சின்ன பாய் என்று கூப்பிடுவேன். புறப்படும்போதே என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது இன்னாப்பா, கல்யாண வீட்ல மிஞ்சினதையெல்லாம் போட்டு வெச்ச கொழம்பாட்டம் இருக்குது” என்றார். மிஞ்சின குழம்புக்குத்தான் ருசி அதிகம் என்றேன்.

திருவண்ணாமலை வழியாகப் போளூர் போய்ச் சேர்ந்து, சின்ன பாயின் சொந்தக்காரர் வீட்டில் படுத்து, விடிந்ததும் மலையைப் பார்த்து மிதித்தோம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலை என்றால் ஒரு இளப்பம் உண்டு. எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் கோட்டை மலை கண் முன்னாலேயே நிற்கிறதே, நமக்குத் தெரியாத மலையா என்று. ஆனால் எங்களுடையது வெயிலில் காய்கிற பாறை. இது வேறு. இது உயிருள்ள மலை.

ஏறுவது என்றால் முக்கால்வாசி தள்ளுவதுதான். யார் வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். மண் பாதை வளைந்து வளைந்து போயிற்று. முதல் சில வளைவுகளுக்குச் சின்ன பாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். அப்புறம் அவருக்கே பேச்சு நின்றுவிட்டது. அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஆமாம், கேட்டதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், அது காதில் விழுகிற அமைதி. இரண்டு ஃப்ரீவீலின் கிட்கிட் சத்தம், எங்கோ மூங்கில் உரசுகிற சத்தம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. வெயில் இலைகளில் வடிந்து காசு காசாகப் பாதையில் கிடந்தது. நெல்லி மரத்தடியில் நின்று கை கொள்கிற மட்டும் பொறுக்கித் தின்று, ஓடைத் தண்ணீரைக் குடித்தோம். அந்தத் தித்திப்பு இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. சின்ன பாய் ஒரு பலா மரத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அடி மரத்திலேயே, கை எட்டுகிற இடத்தில், குழந்தைகளைப் போலக் காய்கள் தொங்கின.

“எங்க அண்ணன் இதையெல்லாம் பாத்துட்டா மண்டியில வந்து குந்திக்கினு கெடக்குறாரு?” என்றார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மரங்களுக்கு நடுவே சாமைக் கொல்லைகள், தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்த கூரை வீடுகள். எங்களை யாரென்றுகூடக் கேட்காமல் ஒரு அம்மாள் வாசலில் உட்காரவைத்துச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். சாப்பாட்டுக் கடையில்கூட இலையில் போடுமுன் காசுக்குக் கையை நீட்டுகிற ஊரிலிருந்து போனவன் நான். அந்த அம்மாள் எங்கள் கையைப் பார்க்கவே இல்லை, வயிற்றைத்தான் பார்த்தார். வீட்டுக்காரர் கட்டிலை வெளியே எடுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர்களைப் போன்ற மனிதர்களை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, பின்னாலும் அதிகம் பார்க்கவில்லை.

காலையில் அந்த அம்மாள் தேன் பானைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார், போளூர்ச் சந்தைக்கு. பானை ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க இடையில் சாமை வைக்கோலை அமுக்கி அமுக்கித் திணித்தார். நாங்கள் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, இலையோடு ஒரு மரக்கொம்பை வெட்டி வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டை வண்டிக்காரர்கள் அப்படித்தான் இறங்குவார்களாம். கொம்பு தரையில் இழுத்துக்கொண்டே வந்தால் வண்டி தறிகெட்டு ஓடாதாம்.

சின்ன பாய் உடனே ஒரு கொம்பைக் கட்டிக்கொண்டார். நான் கட்டவில்லை. என் வண்டியின் பிரேக் கட்டை நானே லாரி டயரில் அறுத்துச் செதுக்கியது. அது பிடித்தால் யானையும் நிற்கும். கம்பெனி வண்டிக்குத்தான் கொம்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பிரேக் பிடித்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒவ்வொரு வளைவிலும் சொன்ன இடத்தில் நின்றது. ஆனால் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறும் என்பது சமதரையில் பிழைத்தவனுக்கு எப்படித் தெரியும்? பாதி மலை இறங்கியதும் பின்சக்கரம் டொப்பென்று அடித்து உட்கார்ந்துவிட்டது. ரிம்மைத் தொட்டால் தோசைக்கல். டியூபை உருவிப் பார்த்தேன். நான் ஒட்டிய பஞ்சர் பிரிந்ததாக அதுவரை செஞ்சியில் ஒருவரும் சொன்னது கிடையாது. அன்றைக்குச் சூட்டில் சொல்யூஷன் இளகி, ஒட்டுகள் எல்லாம் காய்ந்த இலை மாதிரி கையோடு வந்தன. அதைக்கூடத் திரும்ப ஒட்டியிருப்பேன். ஆனால் காற்றடிக்கிற வால்வின் அடியிலேயே டியூப் கிழிந்திருந்தது. அந்த இடத்தில் கிழிந்தால் ஒட்ட எந்த மேஸ்திரியாலும் முடியாது.

சின்ன பாய் தன் கொம்பை இழுத்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் வண்டி டியூபைக் கழற்றித் தருவதாகச் சொன்னார். கம்பெனிச் சாமானைப் போட்டுக்கொண்டு போய் என் வண்டி என்று நான் எப்படிச் சொல்வது? வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் கட்டை ஏற்றிய லாரி ஒன்று மேலிருந்து வந்து நின்றது. டிரைவர் ஏற்றிக்கொள்கிறேன் என்றார்.

சின்ன பாய் காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: “நான் அந்தப் பறவையப் பாத்துக்கினு இருக்கறன். இங்க இன்னா நடந்துச்சின்னு எனக்குத் தெரியாது.”

அவர் பார்த்த பக்கம் பறவையே இல்லை. அண்ணன் அனுப்பிய சாட்சி, எனக்காகக் கண்ணை மூடிக்கொள்ளத் தயாராக நின்றார். அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவருக்குத் தெரியும். ஏற்றியிருக்கலாம். ஆனால் ஏற்றியிருந்தால் அந்தக் கடையில் உட்காருகிற ஒவ்வொரு நாளும் அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? லாரியைப் போகச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் மரங்களுக்கு நடுவிலிருந்து அந்த அம்மாள் கூடையோடு வந்து சேர்ந்தார், சந்தைக்குப் போகிறவர்கள் கூட்டத்தோடு. நாங்கள் வளைந்து வளைந்து இறங்குகிற பாதையை அவர்கள் ஒற்றையடித் தடத்தில் நேராக அறுத்துக்கொண்டு இறங்குவார்கள். சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கண் அவர் கூடையில் இருந்தது. நான் மாடு கட்டிய வீட்டில் பிறந்தவன். வைக்கோலில் பிரி திரிப்பது எனக்கு நடக்கக் கற்றுக்கொள்ளுமுன் வந்தது.

“அம்மா, அந்த வைக்கோல எனக்குக் குடுக்கறீங்களா?” என்றேன்.

“கொம்பு வேணாம்னு சொன்ன புள்ள, வைக்கோலு கேக்குதா?” என்றார். கூட வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் கூடையை இறக்கிவிட்டார். பானைகளுக்கு நடுவே தேக்கிலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வைக்கோல் முழுவதையும் எடுத்துக் கொடுத்தார்.

பாதையிலேயே உட்கார்ந்து பிரி திரித்தேன். சாமை வைக்கோல் பட்டு மாதிரி மெத்தென்று கைக்கு வளைந்து கொடுத்தது. அது பத்தாமல் ஓரத்து மஞ்சம்புல்லைச் சின்ன பாய் அறுத்து அறுத்துக் கொடுத்தார். பிரியை ரிம்மில் சுற்றி, டயருக்குள் திணித்து, குச்சியால் இடித்து இடித்து இறுக்கினேன். டயர் கல்லாக நின்றது. பிறகு ஒரு கொம்பை வெட்டி, வாயைத் திறக்காமல் என் வண்டிக்கும் கட்டினேன்.

கொம்பு இழுக்க, இரண்டு வண்டியும் தூசி கிளப்பிக்கொண்டு மலையை இறங்கின. போளூரில் சைக்கிள் கடை இருந்தது. அதன் பக்கம் திரும்பவே இல்லை. வழியில் வைக்கோல் நொறுங்கும்போதெல்லாம் களத்து மேட்டில் ஒரு கைப்பிடி நெல் வைக்கோல் கேட்டு வாங்கித் திணித்தேன். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் உருண்டது. செஞ்சிக் கோட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது நானும் சின்ன பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பெரிய பாய் மண்டி வாசலுக்கு வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்றார். சின்ன பாய் என்னைப் பார்த்தார். நான் சும்மா இருந்திருந்தால் அவரும் சும்மா இருந்திருப்பார். டயரின் ஓரத்தை நெம்பிக் காட்டினேன். வைக்கோல் கொட்டியது. நடந்ததையெல்லாம் சொன்னேன், கொம்பு கட்டாததையும் சேர்த்து.

அவர் ஒரு கொத்தை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார்.

“சாம வைக்கோலு” என்றார். அப்புறம் தம்பியைப் பார்த்து, “வேற கடைக்காரன் கை பட்டுச்சாடா?”

“இல்லண்ணே.”

“லாரி?”

“வந்துச்சு. இவன் ஏத்தல.”

காற்று இல்லாமலேயே இவ்வளவு தூரம் ஓட்டி வந்தவனுக்கு இடம் கொடுக்காமல் டீக்கடைக்காரனுக்கா கொடுப்பேன் என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்துவரச் சொன்னார். நான் கும்பிடக் கையைத் தூக்கினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. கையிலிருந்த வைக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த நெல்லி மரத்தாண்ட ஓட இன்னும் ஓடுதா?” என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். “அப்டின்னா மொத வண்டி எனக்குக் கட்டு.”

அந்த இடத்தில் நான் கட்டிய முதல் வண்டி அவருடையதுதான். அதற்கும் நீலப் பெயின்டுதான் கேட்டார். மூன்று பேருமாக மலைக்குப் போனோம். ஓடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தப் பெரிய மனிதர் முகத்தைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இறங்குகிற நேரம் வந்ததும், யாரும் சொல்லாமலேயே நான் போய் மூன்று கொம்பு வெட்டிக்கொண்டு வந்தேன்.