ஒன்றரைச் சுற்றில் நின்ற ஆணி

கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்த புதிதில் எனக்கு இருந்த துணை, அம்மா சீதனத்தோடு ஏற்றிவிட்ட தையல் மெசின் ஒன்றுதான். அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் இரும்பைச் சுழலவிட்டுச் சீவுகிற கடைச்சல் வேலை. வெள்ளைக்காரத் துரைமாரின் கப்பல்களுக்குத் திருகாணியும் நட்டும் கடைவார். விடிய முன்னம் போனால் விளக்கு வைக்கத்தான் வருவார். வந்தாலும் பேச்சு இல்லை. நானும் வாய் திறக்காதவள். பக்கத்து வீடுகளில் சிங்களம் பேசினார்கள், எனக்கு அது விளங்காது. எதிர்வீட்டு முஸ்லிம் பெண் தமிழில்தான் கூப்பிடுவாள். அவளுக்கும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். மெசினை மிதித்தால் வீட்டுக்குள் ஒரு சத்தம் இருக்கும். அவர் உடுக்கிற கிழிந்த சாரத்தைக்கூட இரண்டு தரம் தைப்பேன்.

ஒருநாள் வாசலில் வெளிச்சத்தில் வைத்து மெசினைக் கழற்றி எண்ணெய் விட்டேன். துணியை அமுக்கிப் பிடிக்கிற பாதத்தை இறுக்கும் சின்னத் திருகாணி உருண்டு, வாசலோரம் அழுக்குத் தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுந்துவிட்டது. குச்சி விட்டுக் கிளறியும் கிடைக்கவில்லை. அந்த ஆணி இல்லாவிட்டால் பாதம் நில்லாது, தையல் ஓடாது.

அவருடைய தமக்கை, என் மச்சாள், வெள்ளவத்தையில் இருந்தா. புருசன் கந்தோரில் மேசை உத்தியோகம். அந்தக் கிழமை வந்தவ, துணி போட்டு மூடியிருந்த மெசினைக் கண்டு, ஆணி துலைந்த கதையையும் கேட்டறிந்தா.

"சும்மா கிடக்கிறதை என்னத்துக்கு வச்சிருக்கிறாய்? எங்கட வீட்டுக்குத் தைக்கிற மனிசி வாறவ. ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வந்து ஏத்துறன்" என்றா. பிறகு தம்பியைப் பார்த்து, "கப்பலுக்கு ஆணி கடையிறவருக்குப் பெண்சாதியின்ர மெசினுக்கு ஒண்டு கடைய ஏலாதாக்கும்" என்று சிரித்தா.

 அவருடைய காது சிவந்தது. நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றேன். மெசினும் போய்விட்டால் இந்த வீட்டில் என்ன செய்வது என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அடுத்த நாள் அவர் ஓர் ஆணி கடைந்து கொண்டுவந்தார். பார்த்தால் அதே தடிப்பு, அதே நீளம். ஒன்றரைச் சுற்று உள்ளே போனது, பிறகு இறுகி நின்றது. மற்றவர்கள் என்றால் குறடு போட்டுத் திருகியிருப்பார்கள். அவர் விரலை எடுத்துவிட்டார். மறுநாள் இன்னொன்று வந்தது. அதுவும் அதே இடத்தில் நின்றது. ஆணியைச் சுற்றி ஓடுகிற வரியை மரை என்பார்கள்; பட்டறையில் தான் நாளாந்தம் வெட்டுகிற மரை எல்லா ஆணிக்கும் ஒத்துவரும் என்று அவருக்குக் கைப்பழக்கம். மெசினை அங்கே தூக்கிப் போகவும் வழியில்லை, வாசல்காரன் விடமாட்டான்.

அன்று சோறு போடும்போது அவருடைய பெருவிரலைப் பார்த்தேன். ஆணியை அமுக்கிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. தோலில் நெருக்க நெருக்கமாகக் கோடுகள் பதிந்திருந்தன. மெத்தென்ற எதிலும் மரை பதியும்தானே என்று எனக்குள் ஓடியது. வாய்விட்டுச் சொல்ல வெட்கம். பெட்டிப் பலகையில் ஒரு சிம்பைப் பிளந்து எடுத்து, கத்தியால் வட்டமாகச் சீவி, மெசினின் ஓட்டைக்குள் மெல்ல மெல்லத் திருகினேன். திருப்பிக் கழற்றினால், குச்சியைச் சுற்றி வரிவரியாக மரை. அதைக் கடதாசியில் சுற்றி, காலையில் அவருடைய சாப்பாட்டு அடுக்கின் மேல் தட்டில் அப்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம், வழமைக்கு முன்னமே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்து என்னிடம் தந்தார். ஆணித்தலையில் விரல் வழுக்காதபடி கீறல்கூடப் போட்டிருந்தார். நான்தான் பூட்டினேன். தடையில்லாமல், எண்ணெயில் போவதுபோல் கடைசி வரை போனது.

"ஆர் உமக்கு இதைச் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை. உங்கட விரல்ல இருந்தது."

அவர் தன் விரலைப் பார்த்தார். பிறகு பாயில் அமர்ந்து, பேப்பரின் ஒரு மூலையைச் சரிவாகக் கிழித்துப் பென்சிலில் சுற்றிக் காட்டினார். கிழித்த ஓரம் பென்சிலைச் சுற்றி ஏறிப் போனது.

"இவ்வளவுதான் மரை. சரிவான பாதை ஒண்டு தண்டைச் சுத்திப் போகுது. ஒரு சுத்துக்கு எவ்வளவு முன்னுக்குப் போகுதெண்டதிலதான் எல்லாம் இருக்கு. அது ஒத்து வராட்டி, தடிப்பு ஒத்து வந்தும் பிரயோசனம் இல்லை."

கடைச்சல் மெசினில் தண்டு சுழல, வெட்டுகிற உளி அதன் பக்கத்தாலே நகருமாம். உளியை நகர்த்துவதே இன்னொரு நீளமான மரைத் தண்டுதானாம். இடையில் இருக்கிற பற்சக்கரங்களை மாற்றினால் மரை நெருங்கும், அல்லது விலகும். ஒரே வெட்டில் எடுத்தால் கிழிந்துவிடும், எண்ணெய் விட்டுவிட்டு மயிரிழை மயிரிழையாகத்தான் ஆழமாக்க வேண்டும். தையல் மெசின் செய்கிறவர்கள் தங்களுக்கென்று தனி அளவு வைத்திருக்கிறார்கள், அது தெரியாமல் இரண்டு ஆணியைக் கெடுத்தேன் என்றார். குச்சியின் வரிகளை அளந்து, ஒத்துவரும் சக்கரங்களைத் தேடிப் பிடித்தாராம். டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அவர் நிறுத்தவில்லை. நான் "ஓம், ஓம்" என்றபடியே இருந்தேன், நிறுத்திவிடுவாரோ என்று.

ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வண்டியோடு வந்தா. நான் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்தா, தேத்தண்ணி குடித்தா, வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனா.

திங்கள் விடிய அவர் வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவ்வளவு நீளமாக அவர் என்னோடு கதைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவர் இருந்த காலம் முழுக்க அப்படித்தான். தைக்க ஒன்றும் இல்லாத மத்தியானங்களில் அந்த ஆணியைக் கழற்றிவிட்டு மறுபடி பூட்டுவேன். ஒன்றரைச் சுற்று வரும்போது விரல் தானாக மெதுவாகும். பிறகு அது உள்ளே போகும்.