வாக்கில்லாத ரொக்கோ

பிரன்சுவிக்கில் என் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரன் ரொக்கோ, தரைக்கு ஓடு பதிக்கிறவன். கம்யூனிஸ்ட் கட்சிக்காரன். ரோமில் அரசாங்கம் கவிழ்ந்தால் அவனுக்கு நித்திரை வராது. அதுவோ அடிக்கடி கவிழும். ரேடியோவில் செய்தி கேட்டதும் எழும்பி முற்றத்தில் நடக்கத் தொடங்குவான்.

ஆனால் இத்தாலித் தேர்தலில் வாக்குப் போட அங்கேயே போகவேண்டும். இங்கே குடியுரிமை எடுத்தால் இத்தாலியக் குடியுரிமை போய்விடும் என்று இருபது வருசமாக எடுக்கவில்லை. அதனால் இங்கேயும் வாக்கில்லை.

நான் சிலோனிலிருந்து வந்து ஒரு வருசம். கொமன்வெல்த் நாட்டுக்காரன் என்று எனக்கு வாக்கு உண்டு. போடாவிட்டால் தண்டமும் உண்டு. எழுபத்தைந்து டிசம்பர் தேர்தலன்று சனிக்கிழமை வீணாகுதே என்று புறுபுறுத்தபடி போனேன். ரொக்கோ கூடவே வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டான்.

"ஆருக்குப் போட்டாய்?"

"பெயரை ஆர் பார்த்தது? மேலேயிருந்து கீழே ஒண்டு, இரண்டு, மூண்டெண்டு எல்லாப் பெயருக்கும் நம்பரைப் போட்டிட்டு வந்தனான்."

என்னை விட்டுவிட்டுத் தனியே நடந்து போனான். அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் ஒரு பார்வைகூட இல்லை.

தை பிறக்க முன்னமே ரோமில் அரசாங்கம் மறுபடி கவிழ்ந்தது. விடியக் காலையில் கதவைத் தட்டிச் செய்தி சொன்னான். படியிறங்கும்போது திரும்பினான்.

"அடுத்த முறை யோசிச்சுப் போடு, நித்தி. நீ போடுறது எனக்கும் சேர்த்துத்தான்."