அண்ணியின் மாடி அறையும் ஒரு பச்சை உருண்டையும்

எங்கள் அண்ணி பேசுகிற ஆள் இல்லை, கேட்கிற ஆள். தொழிலும் அதுதான். எங்கோ இருக்கிற டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததை வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அண்ணி அதைக் காதில் மாட்டிக் கேட்டு, கடிதமாகத் தட்டி ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். காலடியில் ஒரு மிதி இருக்கும். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார்.

"இந்த வீட்டுல நான் சொன்னா நிறுத்தற ஒரே ஆள் இந்த டாக்டர்தான்டா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடம். அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை. மாதம் ஒருமுறை வந்து, அழுக்குத் துணியையும் அறிவுரையையும் இறக்கி வைத்துவிட்டுப் போவான். மற்ற நாளெல்லாம் அப்பா, அம்மா, அண்ணி, நான். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வாய் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. தனியாக உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டால் அம்மாவுக்குப் பாவமாகிவிடும், உடனே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். பாதி நாள் செல்போன் ரிப்பேர் கடையில், மீதி நாள் வீட்டில் வம்பு.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவர்கள் என்றால் சண்டை போட்டுவிட்டு அறைக்குள் போய்விடலாம். நல்லவர்களிடமிருந்து எங்கே ஓடுவது?

அண்ணிக்கு இந்த வீட்டில் சாத்திக்கொள்ள ஒரே ஒரு கதவுதான் இருந்தது. மாடியில், பழைய கட்டிலையும் ஓடாத மின்விசிறிகளையும் போட்டு வைத்த அறை. காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை அங்கே இருப்பார். அந்தக் கதவைச் சம்பாதித்துக் கொடுத்தது அவருடைய லேப்டாப்.

அதைத் தயாரித்தவர்கள் சும்மா இருக்காமல் நெட்வொர்க் மேனேஜர் என்று ஒரு புரோகிராமையும் உள்ளே போட்டு அனுப்பியிருந்தார்கள். திரை ஓரத்தில் பச்சை உருண்டையாக உட்கார்ந்திருக்கும். வைஃபையைப் பிடிக்க விண்டோஸே போதும். இது நடுவில் புகுந்து, இதைவிட அது நல்ல சிக்னல் என்று தாவும். எங்கள் கூடத்தில் ஒரு வைஃபை பெட்டி, மாடிக்கு நீட்டிவிட்ட குட்டிப் பெட்டி இன்னொன்று. கீழே உட்கார்ந்தால் இரண்டும் தெரியும். உருண்டை இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் குதிக்கும். ஒவ்வொரு குதிப்புக்கும் லைன் அறுந்து, பாதி அடித்த கடிதம் போய்விடும். மாடி அறையில் குட்டிப் பெட்டி மட்டும்தான் எட்டும். குதிக்க இடமில்லாமல் சாதுவாக இருக்கும்.

ஆக, உருண்டை இருக்கும்வரை கதவும் உண்டு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒருநாள் அண்ணி பல் டாக்டரிடம் போயிருந்தார். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம்டா, அந்தப் பொண்ணு மேல தனியா வெந்துட்டிருக்கா. ஊரான் போனையெல்லாம் சரி பண்ற, வீட்டுல இருக்கறதைப் பண்ண மாட்டியா?"

ரோஷம் வந்துவிட்டது. முதலில், லேப்டாப் திறக்கும்போது உருண்டையும் கூடவே எழுந்திருப்பதை நிறுத்தினேன். மறுபடி திறந்தால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே சர்வீஸ் என்று இன்னொரு புரோகிராம் ஒளிந்துகொண்டு அதைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தி, புரோகிராம் பட்டியலுக்குப் போய் உருண்டையை வேரோடு நீக்கினேன். போகிற போக்கில் அது வைஃபை கார்டையும் அணைத்துவிட்டுப் போயிற்று. ஒரு நெட்வொர்க்கும் தெரியவில்லை. பிறகு கார்டைத் தேடிப் பிடித்து உயிர் கொடுத்தேன். கூடத்தில் வைத்து ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டேன். ஒருமுறைகூட லைன் அறுந்துபோகவில்லை.

அண்ணி வீங்கிய கன்னத்தோடு வந்தபோது, அம்மா கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே மேஜை போட்டு, துணிகூட விரித்துவிட்டார்.

"உன் கொழுந்தன் பொறந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கான். இனிமே நீ எங்ககூடவே உக்காரலாம்!"

அண்ணி மேஜையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தேங்க்ஸ்டா" என்றார். குரல் செத்திருந்தது. பல்வலி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அப்பா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"டாக்டர் என்னம்மா சொல்றார்?"

அண்ணி மிதியிலிருந்து காலை எடுத்தார். "ஒருத்தருக்கு முழங்கால் வலி மாமா."

"எனக்கும்தான் வலிக்குது. என்ன மருந்துன்னு கேளேன்."

"இது பதிவு மாமா. கேக்க முடியாது."

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "உனக்குக் காதுக்கும் கைக்கும்தானே வேலை? கண்ணு சும்மாதானே இருக்கு. அங்கேர்ந்தே இந்தப் பாலை ஒரு பார்வை பாத்துக்கோம்மா."

நான்காம் நாள் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் திரும்பி வந்தது. 'இடது முழங்காலில் வீக்கம். பால் பொங்குகிறது. இரண்டு வாரம் கழித்து வரவும்' என்று அண்ணி அழகான இங்கிலீஷில் அடித்து அனுப்பியிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. இன்னொரு தவறு வந்தால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அன்று சாப்பிடும்போது அண்ணி மெதுவாக ஆரம்பித்தார். "மாமா, நாளையிலேர்ந்து நான் மாடியிலயே உக்காரட்டுமா?"

"ஏம்மா? இங்கதான் நெட்டு நல்லா வருதே."

"வருது மாமா."

"அப்புறம் என்ன? நாங்க பேசறது தொந்தரவா இருக்கா?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மாவும் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்ல அண்ணியால் மட்டுமல்ல, யாராலும் முடியாது.

"ஐயோ, அதெல்லாம் இல்ல மாமா. சும்மா கேட்டேன்."

மூன்று வருடமாக அந்தப் பதிலை அந்த உருண்டைதான் அவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் போய் அதன் கழுத்தை நெரித்திருக்கிறேன்.

மறுநாள் அண்ணி குளிக்கப் போன நேரத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். தயாரித்தவர்கள் அந்த மேனேஜரைத் திரும்ப ஏற்றுகிற ஃபைலை, விதை மாதிரி, டிரைவ் மூலையில் ஒரு ஃபோல்டரில் விட்டு வைத்திருந்தார்கள். நீக்கியதைவிட வேகமாகத் திரும்ப ஏறிக்கொண்டது. அண்ணி வேலைக்கு உட்கார்ந்த பத்தே நிமிடத்தில் கூடத்தில் லைன் அறுந்தது. அப்புறம் இன்னொரு தடவை. "ஐயையோ, மறுபடி போச்சே!" என்று நானே முதலில் கத்தினேன்.

"உன்னை நம்பி ரிப்பேருக்குக் குடுக்கறாங்களே, அவங்களைச் சொல்லணும்" என்றார் அப்பா.

அம்மா அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "அதைத் தூக்கிப் போடுங்கம்மா. அடுத்த மாசம் வரும்போது புதுசா ஒண்ணு வாங்கிட்டு வரேன்."

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். அண்ணி லேப்டாப்பை மூடி, மிதியை அதன்மேல் வைத்து எடுத்துக்கொண்டு படியேறினார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அறை வாசலில் நின்று திரும்பினார்.

"நீதானே திரும்பப் போட்டே?"

நான் மின்விசிறி இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"புதுசுலயும் இந்த மாதிரி ஏதாவது போட்டுத்தான் தருவாங்களா?"

"எல்லாத்துலயும் ஏதாவது ஒண்ணு இருக்கும் அண்ணி. ஆனா இதே மாதிரி தாவுமான்னு சொல்ல முடியாது."

அண்ணி கதவில் கை வைத்தார்.

"புதுசுல என்ன இருந்தாலும் நீ அதைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.